வீட்டுக் கணினியில் வீடியோ எடிட்டிங்: எந்த மென்பொருள் போடலாம்? (கேள்வி பதில்)

பல பேர் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைத் தேடுவதற்கு முன் உங்கள் கணினியில் எத்தனை ஜிபி ரேம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி பகுதியில் தெரியும்.

அண்ணா, எனக்குப் பழைய விண்டோஸ் மூவி மேக்கரே போதும். இப்போது எங்கே கிடைக்கும்?

கிடைக்காது தம்பி. 2017 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. தேடினால் அதே பெயரில் வேறு யார் யாரோ போட்டு வைத்தவை வரும், தொடாதீர்கள். அந்த ஆண்டுக் கடைசியில் அப்படி ஒரு போலி பரவியது. எடிட் செய்ததைச் சேமிக்கப் போனால் பணம் கேட்டது. விண்டோஸ் 11 வைத்திருந்தால் கிளிப்சாம்ப் என்ற மைக்ரோசாஃப்டின் எடிட்டர் உள்ளேயே இருக்கும். இலவசமாகவே 1080பி (ஃபுல் எச்டி) தரம் வரை, படத்தின் மேல் நிறுவனத்தின் முத்திரை (வாட்டர்மார்க்) இல்லாமல் எடுக்கலாம். மூவி மேக்கர் பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

எல்லோரும் டாவின்சி ரிசால்வ் என்கிறார்கள். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். போட்டுப் பார்த்தேன், திக்கித் திக்கி ஓடுகிறது. சிஸ்டம் மாற்ற வேண்டுமா சார்?

வேண்டவே வேண்டாம். ரிசால்வ் அருமையான மென்பொருள், இலவசப் பதிப்பே பெரிய வேலைகளுக்குப் போதும். ஆனால் அதற்கு 16 ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். பிறந்தநாள் வீடியோவை வெட்டி ஒட்ட அவ்வளவு எதற்கு?

ஷாட்கட் போடுங்கள். முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடியோவை டைம்லைனில் இழுத்துப் போட்டு, வேண்டாத இடம் தொடங்கும்போது எஸ் எழுத்தை அழுத்துங்கள், துண்டாகும். முடியும் இடத்தில் இன்னொரு எஸ். நடுத்துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் அழுத்தினால் அது போய், பின்னால் இருப்பது தானாக முன்னால் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டு வீடியோவில் முக்கால்வாசி வேலை இந்த இரண்டு எழுத்துதான்.

அப்போதும் திக்கினால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்று இருப்பதை இயக்குங்கள். பெரிய வீடியோவுக்குப் பதில் சின்ன நகல் ஒன்றை உருவாக்கி, எடிட் செய்யும்போது அதைக் காட்டும். கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது (முடித்த வீடியோ உருவாவது) ஒரிஜினலிலிருந்துதான், தரம் குறையாது. 4கே படத்தில் 1080பியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. அதைச் சாதாரண லேப்டாப் நேரடியாகச் சுமக்க முடியாமல் திணறுவது அதன் குற்றமில்லை.

அப்பாவின் பணி நிறைவு விழா, இரண்டு மணி நேர வீடியோ. முன்னும் பின்னும் கொஞ்சம் வெட்டினால் போதும். எக்ஸ்போர்ட் ராத்திரி முழுக்க ஓடுகிறதே?

இதற்கு எடிட்டரே தேவையில்லை. லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் படத்தை மறுபடி உருவாக்காமல் அப்படியே நறுக்கித் தரும். சில நிமிடங்களில் முடியும், தரமும் துளி குறையாது. வெட்டு மட்டும் நீங்கள் குறித்த நொடிக்குச் சற்று முன்னே பின்னே விழலாம்.

போனில் எடுத்த பாட்டுக் கச்சேரி. தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

போன் கேமரா நொடிக்கு இத்தனை ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்று ஒரே சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். சில எடிட்டர்களுக்கு அந்தக் கணக்கு தப்பிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு, ஃப்ரேம் ரேட்டில் கான்ஸ்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, அப்புறம் எடிட் செய்யுங்கள்.

தமிழில் தலைப்புப் போட்டால் ஆங்கில எழுத்தாக வருகிறது.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்காகத் தட்டச்சு செய்திருப்பீர்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தட்டச்சு செய்து, விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ அல்லது இலவசமான நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

முடித்த வீடியோ 5 ஜிபி. பென்டிரைவில் இடம் இருந்தும் ஏற மாட்டேன் என்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யலாம், ஆனால் உள்ளே இருப்பது அழியும், சில பழைய டிவிகள் அதைப் படிக்காது. டிவியில் பார்க்கத்தான் என்றால் எக்ஸ்போர்ட் செய்யும்போது வீடியோவைச் சுருக்கும் முறையை எச்.264, கோப்பு வகையை எம்பி4 என்று வைத்து, பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் தரவின் அளவை) 8 மெகாபிட் ஆக்குங்கள். ஒரு மணி நேரம் சுமார் 3.6 ஜிபியில் அடங்கும்.

பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளைப் பாதி எடிட் செய்திருந்தேன். இடம் போதாமல் ஒரிஜினல்களை அழித்துவிட்டேன். ஷாட்கட் ப்ராஜெக்ட் கோப்பு மட்டும் இருக்கிறது. வீடியோ திரும்ப வருமா அண்ணா?

அந்தக் கோப்பிலிருந்து வராதும்மா. எங்கே வெட்டினோம், எதை எங்கே ஒட்டினோம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும், படம் இருக்காது. ஆனால் மனம் தளராதீர்கள். ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். எடுத்த போனில் பாருங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அதையும் தேடுங்கள். கேமராவில் எடுத்திருந்தால் அந்த மெமரி கார்டை இப்போதே கழற்றி எடுத்து வையுங்கள், புதிதாக ஒரு படம்கூட அதில் எடுக்காதீர்கள். மேலே எதுவும் பதியாதவரை ரெக்யூவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால் பழைய கோப்புப் பெயரிலேயே பழைய ஃபோல்டரில் வையுங்கள். நீங்கள் எடிட் செய்த பாதி அப்படியே திறக்கும்.