மூக்குக்கு முதல்ல குடுங்க: வேல்ஸ் விஸ்கி பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல ஒரு ஹோட்டல் பார்ல 11 வருஷம் நின்ன கதைய எழுதினப்ப வேல்ஸ்காரங்களோட விஸ்கிய பத்தி நாலு வரி சொல்லியிருந்தேன், இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாமே அந்த நாலு வரியப் பத்திதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தெருவுக்கு நாலு பேர் கப்பல்லயோ கல்ஃப்லயோ இருக்காங்க, அதனால பாட்டில் எப்படியும் வீடு வந்து சேர்ந்திருது, அத எப்படி ருசி பார்க்கணும்னுதான் யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

மச்சான் கப்பல்லேந்து வந்தப்ப பென்டெரின்னு ஒரு பாட்டில் கொண்டு வந்தான். வேல்ஸ்னு போட்டிருக்கு. இதுவும் ஸ்காட்ச் தானே அண்ணே?
வாசகர், குளச்சல்

இல்ல தம்பி. ஸ்காட்லாந்துலயே வடிச்சு அங்கயே பீப்பாய்ல வச்சு எடுத்தாத்தான் ஸ்காட்ச். வேல்ஸ் பிரிட்டனுக்குள்ளயே தனி நாடு, தனி மொழி, அவங்க கிட்ட போய் இது இங்கிலாந்து சரக்கான்னு கேட்டா முகம் சுருங்கிரும். பென்டெரின்ங்கிறது ஒரு சின்ன கிராமம், கார்டிஃப்லேந்து வடக்க கார்ல ஒரு மணி நேரம், ப்ரெக்கன் பீக்கன்ஸ் மலையடிவாரம், நம்ம பேச்சிப்பாறை பக்கம் மாதிரி எப்பவும் ஒரு ஈரம் இருக்கும். 2000ல அங்க வடிக்க ஆரம்பிச்சாங்க, 2004 மார்ச் 1ம் தேதி, அவங்க புனிதர் டேவிட் திருநாள் அன்னைக்கு, முதல் பாட்டில் வெளிய வந்துச்சு. அதுக்கு முந்தி 1889ல பாலான்னு ஒரு ஊர் பக்கத்துல ஃப்ரோங்கோக்ல ஒரு ஆலை தொடங்கி கொஞ்ச வருஷத்துலயே மூடிட்டாங்க, அந்த கட்டடத்துல பின்னால முதல் உலகப்போர் கைதிகள அடைச்சு வச்சாங்க, 1916ல அயர்லாந்து போராளிகளும் அங்கதான் கிடந்தாங்க. அதோட கிட்டத்தட்ட நூறு வருஷம் சொல்லிக்கிற மாதிரி வேல்ஸ்ல விஸ்கியே இல்ல. இப்ப பென்டெரின் கம்பெனிக்கே லாண்டுட்னோலயும் ஸ்வான்ஸிலயும் கூட ஆலை இருக்கு, வடக்க ஏபர் ஃபால்ஸ் ஆலைக்காரங்க 2021ல முதல் சிங்கிள் மால்ட் விட்டாங்க, அதாவது ஒரே ஆலையில முளைகட்டின பார்லிய மட்டும் வச்சு வடிச்ச விஸ்கி.

இன்னொண்ணு சொல்லணும், 2023ல சிங்கிள் மால்ட் வெல்ஷ் விஸ்கிக்கு பிரிட்டன்ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதே வருஷம்தான் நம்ம மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைச்சது, அந்த நியூஸ் ரெண்டையும் படிச்சப்ப எனக்கு உண்மையாவே சந்தோஷமா இருந்துச்சு.

ருசி பார்க்கிறதுன்னா என்ன செய்யணும்? நாங்க நாலு பேர் ஒரு பாட்டில உடைச்சோம், முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் ஓர்மை இல்ல.
வாசகர், நாகர்கோவில் வடசேரி

முதல்ல அளவு. ஒரு ஆளுக்கு 15 மில்லி, அவ்வளவுதான், அதுக்கு மேல போனா நாக்கு மரத்துரும், அப்புறம் எத ஊத்தினாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

நேரம் முக்கியம். விஸ்கி கலக்குற நிபுணர்கள் பெரும்பாலும் காலைலதான் வேலை செய்வாங்க, மூக்கு அப்பதான் தெளிவா இருக்கும். நமக்கு சாயங்காலம் சாப்பாட்டுக்கு முந்தி போதும், ஆனா அடுக்களைல மீன்கறி கொதிச்சா வேண்டாம், பக்கத்துல கொசுவத்தியும் மல்லிகையும் வேண்டாம், அத்தர் போட்டவங்கள கொஞ்சம் தள்ளி உக்கார சொல்லுங்க. டம்ளர்ல சோப்பு வாசம் இருந்தா எல்லாம் போச்சு. கார்டிஃப்ல வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு பெரியவர் நான் குடுத்த கிளாச மூக்குகிட்ட கொண்டு போயிட்டு ஒண்ணும் பேசாம என் கைல திருப்பி தந்தார், மோந்து பார்த்தா எலுமிச்ச சோப்பு, அன்னைலேந்து வெந்நீர்ல கழுவி கவுத்து வச்சு காத்துல காய விடுவேன், துணி வச்சு துடைக்கிறதே இல்ல. வயிறு அகலமா வாய் குறுகலா இருக்கிற கிளாஸ் கிடைச்சா நல்லது, வாசத்த கூட்டி மேல அனுப்பும், இல்லேன்னா சின்ன கண்ணாடி டம்ளரே போதும்.

நம்ம ஊர் சூடு ஒரு பெரிய விஷயம், இத யாரும் சொல்றதில்ல. வேல்ஸ்ல ரூம்ல 18, 20 டிகிரி இருக்கும், இங்க ராத்திரியிலயும் 28. அந்த சூட்டுல ஆல்கஹால் நெடி முந்திக்கிட்டு மேல வரும், மத்த வாசமெல்லாம் அதுக்கு பின்னால ஒளிஞ்சுக்கும். ஐஸ் போட்டா நாக்கு செத்துரும், ஐஸ் வேண்டாம். நான் செய்யிறது என்னன்னா கிணத்துத் தண்ணி ஒரு வாளில எடுத்து மூடின பாட்டில கழுத்து வரைக்கும் பத்து நிமிஷம் நிறுத்தி வைப்பேன், அப்புறம் ஊத்துவேன், அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

ஊத்தினதும் குடிச்சிராதீங்க. நிறத்த பாருங்க, ஆனா நிறத்த நம்பாதீங்க, கேரமல் கலர் சேர்க்கிற கம்பெனிகளும் உண்டு. கிளாச தாடை கிட்ட வச்சு பைய மேல கொண்டு வாங்க, வாய லேசா திறந்து வச்சுக்கிட்டு மோந்து பாருங்க, மூக்க உள்ள விட்டு இழுத்தா எரியத்தான் செய்யும். ரெண்டு தடவ மோந்துட்டு கிளாச கீழ வச்சிருங்க, ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு விட்டுட்டு மறுபடியும் எடுங்க, ரெண்டாவது தடவ வேற வாசம் வரும். அதுக்கப்புறம் ஒரு சின்ன மடக்கு, உடனே முழுங்காம நாக்கு முழுக்க பரவ விட்டு அஞ்சாறு எண்ணுங்க. முழுங்கினதும் வாய மூடி மூக்கு வழியா மூச்சு விடுங்க. தொண்டைல இறங்கினதுக்கு பிறகு எவ்வளவு நேரம் என்ன ருசி நிக்குதுன்னு பாருங்க, என் கணக்குல பாதி மார்க் அதுக்குத்தான்.

அடுத்து தண்ணி. சொட்டு சொட்டா. 46 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற விஸ்கில ஒரு டீஸ்பூன் தண்ணி விட்டதும் பூட்டி வச்ச கதவு திறந்த மாதிரி இருக்கும். 2017ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் இதுக்கு காரணம் கண்டுபிடிச்சு எழுதினாங்க, குவாயகால்னு ஒரு மணப்பொருள் இருக்கு, தண்ணி சேரும்போது அது மேல்பரப்புக்கு வந்து நிக்குதாம். நிபுணர்கள் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும் கூட தண்ணி விட்டு மோந்து பார்ப்பாங்க. அதனால ராவா அடிக்கிறவன்தான் ஆம்பளங்கிற பேச்ச விட்டுருங்க.

லேபிள்ல ஆப்பிள், கிரீம் ஃபட்ஜ், உலர் திராட்சைன்னு என்னென்னவோ எழுதியிருக்கு. எனக்கு ஒரு ஆப்பிளும் வரல. இது ஏமாத்துதானே?
வாசகர், தக்கலை

ஏமாத்து கிடையாது அண்ணாச்சி, அது எழுதினவனோட ஓர்மை, அவன் சின்ன வயசுல தின்னத வச்சு எழுதுறான். உங்க மூக்குல இருக்கிற பட்டியலே வேற. எனக்கும் மூணு நாலு வருஷம் ஒண்ணும் பிடிபடல, ஆங்கில வார்த்தைய மனப்பாடம் பண்ணி கஸ்டமர் கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன், உள்ளுக்குள்ள வெக்கமா இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் கடைய மூடுற நேரம், பென்டெரின் மடெய்ரா, அதாவது கடைசில மடெய்ரா ஒயின் பீப்பாய்ல வச்சு எடுத்தது, ஒரு 10 மில்லி கிளாஸ்ல மிச்சம் இருந்துச்சு, தண்ணி ரெண்டு சொட்டு விட்டு மூக்குகிட்ட கொண்டு போனேன், அக்கானி, அதான் பதநீர், காய்ச்சுற வாசம். எங்க அம்மை பின்முற்றத்துல பனங்காட்டு விறகு வச்சு பெரிய பானைல அக்கானிய காய்ச்சுவா, பாகு பதம் வர்றதுக்கு கொஞ்சம் முந்தி, இன்னும் தண்ணியா இருக்கும்போது ஒரு மணம் வரும் பாருங்க, இனிப்பும் புளிப்பும் லேசா கருகலுமா, அதே மணம். நான் அந்த இடத்துலயே அப்படியே நின்னுட்டேன். அன்னைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கி நம்ம வார்த்தைல எழுத ஆரம்பிச்சேன்.

அந்த நோட்டுலேந்து சொல்றேன். மடெய்ரா போட்டது: அக்கானி, நல்லா கனிஞ்ச மட்டி, ஏத்தம்பழத்த நெய்யில வாட்டினது. ஷெர்ரிவுட் (ஷெர்ரி ஒயின் பீப்பாய்ல வச்சது): கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊற வச்ச திராட்சை, முந்திரிக்கொத்துக்கு கிண்டுற கருப்பட்டிப் பாகு, கடைசில மாறாமலை கிராம்பு ஒண்ண கடிச்ச மாதிரி. போர்ட்வுட் (போர்ட் ஒயின் பீப்பாய்ல வச்சது): ஞாறப்பழம், லேசா துவர்ப்பு. உங்களுக்கு வேற வந்தா அதுதான் உங்களுக்கு சரி, என் பட்டியல பார்த்து எழுதாதீங்க. அடுக்களைக்கு போய் ஏலம், கிராம்பு, சுக்கு, கருப்பட்டி, தேன் ஒவ்வொண்ணா கண்ண மூடி மோந்து பழகுங்க, ரெண்டு வாரத்துல மூக்கு முழிச்சுக்கும், இதுக்கு பத்து பைசா செலவில்ல.

பென்டெரின்ல பீப்பாய் வாசம் இவ்வளவு தூக்கலா வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. மின்சார விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே குடும்ப வழியில வந்த டேவிட் ஃபாரடேங்கிறவர் வரைஞ்சு குடுத்த பானைல வடிக்கிறாங்க, செம்புப் பானையோட சேர்ந்து உயரமா தூண் மாதிரி ரெண்டு. ஸ்காட்லாந்துல ரெண்டு தடவ வடிச்சு 70 சதவீதம் ஆல்கஹால் சுமாருக்கு எடுக்கிறத இவங்க 92 சதவீதம் சுமாருக்கு எடுக்கிறாங்க. ஆவி செம்புல அவ்வளவு தடவ பட்டு வரும்போது கனமான வாசமெல்லாம் கழிஞ்சுரும், மெலிசா, பூ மாதிரி ஒரு சாராயம் வரும். அத அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்ல வச்சு, கடைசில மடெய்ரா தீவு ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாத்துறாங்க. வெள்ளை வேட்டில சாயம் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்குது. பிற்பாடு வேற வடிவ செம்புப் பானையும் சேர்த்தாங்க, ஆனா அந்த மெலிசுதான் இவங்க அடையாளம். ஸ்காட்ச்சோட கனத்த தேடிக்கிட்டு போனா ஏமாந்து போவீங்க, அது இதோட குறை ஆகாது.

வயசே போடல. 12, 18னு இருந்தாத்தானே நல்ல சரக்கு?
வாசகர், மார்த்தாண்டம்

பிரிட்டன் சட்டப்படி மூணு வருஷமாவது மரப்பீப்பாய்ல இருக்கணும், அத தாண்டினா வயசு போடுறதும் போடாததும் கம்பெனி இஷ்டம். வயச மட்டும் வச்சு மதிப்பு போடாதீங்க. ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு 2 சதவீதம் சுமார் ஆவியா போகுது, பெங்களூர்ல அம்ருத் ஆலையில 10, 12 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு சொல்வாங்க, அங்க பத்து வருஷம் வச்சா பீப்பாய்ல பெருசா என்ன மிஞ்சும்? சூட்டுல மரம் சீக்கிரம் பேசிரும். ஜிம் ஸ்வான்னு ஒரு ஸ்காட்லாந்து வேதியியலாளர், 2017ல இறந்துட்டார், பென்டெரினுக்கும் அம்ருதுக்கும் அவர்தான் யோசனை சொன்னார், ரெண்டும் 2004லதான் சிங்கிள் மால்ட்டா வெளிய வந்துச்சு. ஒரே ஆளோட கை ரெண்டு வேற வேற ஊர் காத்துல என்ன செஞ்சிருக்குன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு பார்க்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை.

பீட்டட்னு ஒண்ணு குடிச்சேன், ஆஸ்பத்திரி வாசம். கெட்டுப் போனதா?
வாசகர், குலசேகரம்

உங்க ஊர்க்காரருக்கு அது தெரியாம இருக்காதே! ரப்பர் ஷீட்டுக்கு புகை போடுற கூடத்துக்குள்ள காலைல போய் நின்னு பாருங்க, ஈரமும் புகையும் ரப்பர் புளிப்பும் சேர்ந்து ஒரு நெடி வரும், அதோட சொந்தக்காரன்தான் இது. ஸ்காட்லாந்துல பீட்ங்கிற கரிமண்ண எரிச்சு அந்த புகைல பார்லிய காய வைப்பாங்க. பென்டெரின் பீட்டட்ல அந்த புகை பெரும்பாலும் பீப்பாய்லேந்து வருது, புகை விஸ்கி இருந்த பழைய பீப்பாய்ல வைக்கிறாங்க, அதனால அடுத்த வீட்டு அடுப்புப் புகை மாதிரி தூரத்துலதான் இருக்கும். ரெண்டு மூணு விஸ்கி பார்க்கிறதா இருந்தா இத கடைசில வைங்க.

கோக் ஊத்தி குடிக்கலாமா?
வாசகர், களியக்காவிளை

உங்க காசு, உங்க இஷ்டம். மதிப்பு போடணும்னா மட்டும் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் இப்ப "டேஸ்டிங்"னு சொல்லி தினமும் குடிக்கிறார். உங்க பத்திய காட்டித்தான் சொல்றார்.
வாசகி, கருங்கல்

தங்கச்சி, இத படிச்சதும் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிட்டு. ருசி பார்க்கிறவன் துப்புறதுக்கு பக்கத்துல ஒரு பாத்திரம் வச்சிருப்பான், நான் பார்ல ஒரே நாள்ல எட்டு விஸ்கி பார்த்துட்டு ஒரு சொட்டு முழுங்காம பஸ் ஏறி வீட்டுக்கு போயிருக்கேன். 15 மில்லில நிறுத்த முடியாத ஆளுக்கு டேஸ்டிங்ங்கிற வார்த்தையே கிடையாது. இந்த பதில அவர் கிட்ட காட்டுங்க, நான் சொன்னதா சொல்லுங்க. தினமும் வேணும், இல்லேன்னா கை நடுங்குது, தூக்கம் வரலங்கிற நிலை இருந்தா திடீர்னு தானா நிறுத்த விடாதீங்க, அதுவே ஆபத்து, டாக்டர் கிட்ட கூட்டிட்டு போங்க. ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவுல கேளுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

நல்லதா மோசமான்னு மார்க் போடுறது எப்படி?
வாசகர், கோட்டாறு

நூத்துக்கு போடுறவங்க வாசம், ருசி, கடைசில நிக்கிறது, எல்லாம் ஒத்துப்போறது, இப்படி நாலுக்கும் இருபத்தஞ்சு வைக்கிறது உண்டு. நான் அப்படி போடுறதில்ல. பாட்டில துணில சுத்தி யாரையாவது ஊத்த சொல்லி, பேரு தெரியாம பார்த்து எழுதி வச்சு, ஒரு வாரம் கழிச்சு அதே மாதிரி மறுபடியும் பார்ப்பேன். ரெண்டு தடவ எழுதினதும் ஒத்துப்போனாத்தான் என் தீர்ப்ப நானே நம்புவேன். வெல நூறு பவுண்டுன்னு தெரிஞ்சா நாக்கு தானா பணிஞ்சுரும், அதனாலதான் துணி.

திறந்த பாட்டில் எத்தன நாள் இருக்கும்? படுக்க வைக்கணுமா?
வாசகர், இரணியல்

ஒயின் பாட்டில் மாதிரி படுக்க வைக்காதீங்க, இந்த ஆல்கஹால் கார்க்க அரிச்சுரும், நிமித்தியே வைங்க. முக்கால் பாட்டில் இருந்தா மாசக்கணக்குல தாங்கும், கால்வாசிக்கு கீழ போனா உள்ள காத்து கூடி மணம் பைய மங்கும், சின்ன பாட்டில்ல மாத்தி மூடி வைக்கலாம். வெயில் ஆகவே ஆகாது. எனக்கு இருக்கிறது ஓட்டு வீடு, அதுல குளிர்ச்சியான இடம் நெல்லுப்பெட்டிக்கு பின்னால, அட்டப்பெட்டியோட அங்கதான் வச்சிருக்கேன், சித்திரை வெயில்லயும் ஒண்ணும் ஆகல.