டாம்கேட் சந்தேகங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்குப் பதில்

சொந்தத் தொழிலுக்கோ படிப்புக்கோ ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதி, டாம்கேட் என்ற சர்வரில் ஓட்டும் நம் மாவட்ட நண்பர்கள் கேட்டவை இவை. பிரச்சினை வந்ததும் பலர் டாம்கேட்டையே அழித்துவிட்டுத் திரும்பவும் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் லாக்ஸ் ஃபோல்டரில் டாம்கேட் தன் எரர்களை எழுதி வைக்கும் கேட்டலினா லாகைத் திறந்து பாருங்கள். முக்கால்வாசிக் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கும்.

பர்கூர், பொறியியல் மாணவர்: அண்ணா, சீனியர் கொடுத்த வார் ஃபைலை (முழு அப்ளிகேஷனையும் கட்டிய ஃபைல்) டாம்கேட் 10-இல் போட்டேன். முதல் பக்கம் வருகிறது, லாகின் அழுத்தினால் 404 (பக்கம் இல்லை) எரர். அவர் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது.

தம்பி, அவரிடம் டாம்கேட் 9 இருக்கும், கேட்டுப் பார். ஜாவா இஇ (பெரிய அப்ளிகேஷன்களுக்கான ஜாவா தொகுப்பு) ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனபோது, பழைய பேக்கேஜ் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்த உடன்பாடு ஏற்படவில்லை. அதனால் டாம்கேட் 10 முதல் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் சர்வ்லெட் பேக்கேஜ்கள் 'ஜகார்த்தா' ஆகிவிட்டன (சர்வ்லெட் என்பது பிரௌசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கோடு). உன் சர்வ்லெட் பழைய பெயரில் இருப்பதால் புது டாம்கேட் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ரிவ்யூ நெருங்கிவிட்டது என்றால் டாம்கேட் 9 போடு. நேரம் இருந்தால் இம்போர்ட் வரிகளை மாற்றி, புதிதாக பில்ட் செய். ஜாவா வெர்ஷனையும் பார்த்துக்கொள்: டாம்கேட் 9-க்குக் குறைந்தது ஜாவா 8, 10.1-க்கு 11, டாம்கேட் 11-க்கு 17 வேண்டும்.

பாலக்கோடு, தக்காளி மண்டி: தினமும் காலையில் முதல் பில் போடும்போது டேட்டாபேஸ் எரர் வருகிறது. டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் மாலை வரை பிரச்சினை இல்லை.

காலையில் மட்டும் வருகிறது என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. ஒரு கனெக்‌ஷன் சும்மா கிடந்தால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம் பார்த்துவிட்டு மூடிவிடும். மண்டி மூடிய பிறகு இரவு முழுக்க யாரும் தொடுவதில்லை. உங்கள் புரோகிராம் செத்த கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் பில் போடப் பார்க்கிறது. ஒரே கனெக்‌ஷனை ஸ்டாடிக் வேரியபிளில் வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் ஃபைலில் டேட்டாசோர்ஸ் (கனெக்‌ஷன்களைத் தயாராக வைத்துத் தரும் பூல்) ஒன்றை அமைத்து, டெஸ்ட்ஆன்பாரோ என்பதை ட்ரூ ஆக்கி, வேலிடேஷன் க்வெரியாக 'செலக்ட் 1' கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்த பிறகே உங்கள் கோடுக்கு வரும். மைஎஸ்க்யூஎல் டிரைவர் ஜாரை டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் வையுங்கள். வேலை முடிந்ததும் க்ளோஸ் செய்ய மறக்கக் கூடாது, இல்லையென்றால் பூல் காலியாகி பகலிலேயே நின்றுபோகும்.

அந்த 8 மணி நேரக் கெடுவை, அதாவது வெயிட் டைம்அவுட்டை, ஒரு வாரமாக ஏற்றிவிடச் சொல்வார்கள். வேண்டாம். டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தால் அதே எரர் திரும்ப வரும்.

தருமபுரி, பட்டுக்கூடு வியாபாரி: விவசாயி பெயரைத் தமிழில் தேடினால் சரியாகத் தேடுகிறது. புதிதாகப் பதிந்தால் மட்டும் கோணல் கோணலாக விழுகிறது. சில பழைய பெயர்கள் வெறும் கேள்விக்குறியாக இருக்கின்றன.

சார், இதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. டாம்கேட் 8 முதல் யூஆர்எல்லை (தேடும் சொல் இதில்தான் வருகிறது) யூடிஎஃப்-8 ஆக, அதாவது தமிழையும் தாங்கும் எழுத்து முறையாகப் படிக்கிறது, அதனால் தேடல் சரியாக நடக்கிறது. பதிவுப் படிவம் போஸ்ட் முறையில், யூஆர்எல்லில் இல்லாமல் தனியாக வருகிறது. அங்கே வேறு எதுவும் சொல்லாவிட்டால் தமிழ் இல்லாத பழைய ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8 இல் 3 பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகப் படிப்பதால்தான் அந்தக் கோணல். டாம்கேட் 9 முதல் வெப் எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட் கேரக்டர் என்கோடிங் என்று ஒரே வரி போட்டால் போதும். பழைய வெர்ஷனில் ஒரு ஃபில்டர் (சர்வ்லெட்டுக்கு முன் ஓடும் கோடு) வேண்டும், அது மற்ற எல்லா ஃபில்டருக்கும் முன்னால் இருக்க வேண்டும்.

கேள்விக்குறி வந்தவை டேபிளின் கேரக்டர் செட் தமிழை ஏற்காததால் வந்தவை. டேபிளை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். கோணலாக விழுந்த பெயர்களைப் பெரும்பாலும் மீட்கலாம், பைட்டுகள் உள்ளே இருக்கும். கேள்விக்குறியானவை போனவைதான், ரசீதைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். நம் விவசாயிகளின் பெயர் நம் கம்ப்யூட்டரில் சரியாக இருக்க வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓசூர், மெஷின் ஷாப்: 4 ஜிபி கம்ப்யூட்டரில் எக்ஸ்எம்எக்ஸ் (ஜாவாவின் ஹீப் மெமரிக்கு உச்ச வரம்பு) 4 ஜிபி கொடுத்தேன். இப்போது டாம்கேட் தானாக நிற்கிறது, லாகில் ஒன்றுமே இல்லை.

லாக் பாதியில் அறுந்திருந்தால் லினக்ஸே அதைக் கொன்றிருக்கும். டிமெசேஜ் கமாண்டில் 'அவுட் ஆஃப் மெமரி' வரியைத் தேடுங்கள். ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு மெமரி வேண்டும். மைஎஸ்க்யூஎல்லும் அதே மெஷினில் இருக்கிறது. 1 ஜிபியில் தொடங்கிப் பாருங்கள். இதை பின் ஃபோல்டரில் செட்என்வ் ஃபைலில், கேட்டலினா ஆப்ட்ஸில் எழுதுங்கள். ஜாவா ஆப்ட்ஸில் எழுதினால் டாம்கேட்டை நிறுத்தும் கமாண்டும் அதே அளவு மெமரி கேட்கும்.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை: கிளவுட் சர்வருக்கு மாற்றிய பிறகு, விடியற்காலை 3 மணிக்கு வந்த லாரி முந்தின நாள் கணக்கில் ஏறுகிறது. டாம்கேட்டின் மேனேஜர் பக்கமும் 403 (அனுமதி இல்லை) என்கிறது.

சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். செட்என்வ்வில் யூசர் டைம்ஜோனை ஏஷியா/கொல்கத்தா என்று கொடுங்கள், மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஜோனையும் பாருங்கள். மாற்றிய நேரத்தைக் குறித்து வையுங்கள், அதற்கு முன் கிளவுடில் ஏறிய வரிகளை மட்டும்தான் திருத்த வேண்டும். சீசன் நடுவில் பகலில் இதைச் செய்யாதீர்கள், லாரி ஓய்ந்த நேரத்தில் செய்யுங்கள்.

403 கோளாறு இல்லை. மேனேஜர் அதே மெஷினிலிருந்து வந்தால் மட்டும் திறக்கும்படிதான் வருகிறது. பூட்டை எடுக்காமல் எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்குப் போகும் பாதுகாப்பான தனி வழி) மூலம் போங்கள்.

காரிமங்கலம், கடைக்காரர்: கரண்ட் போய் வந்தால் டாம்கேட்டை நான்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் கிளம்பும்போது தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக அமைத்து எனேபிள் செய்யுங்கள், மைஎஸ்க்யூஎல்லுக்குப் பிறகு கிளம்பும்படி ஆஃப்டர் வரியில் அதன் பெயரைப் போடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக ஓட்ட வேண்டாம், டாம்கேட் என்றே தனி யூசர் வையுங்கள். போர்ட் 80 வேண்டும் என்றால் முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வைத்து டாம்கேட்டின் 8080-க்கு அனுப்புங்கள்.