ஒன்பது வருடத்தில் ஒரு லீக்: க்ளொப் கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து டிவிஷனில் இங்கிலாந்தின் லிவர்பூல் உதைபந்தாட்ட அணிக்கு ரசிகர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். அதன் முகாமையாளர் ஜேர்கன் க்ளொப் போனபோது தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. சலூனில் தொடங்கினால் லயத்து வாசல் வரைக்கும் வருகிறது. ஒரு கட்சி, "ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு லீக். அடுத்து வந்த ஆர்னே ஸ்லொட் அதே டீமை வைத்து முதல் வருஷமே எடுத்துக் காட்டினார். அப்போ க்ளொப் என்ன செய்தார்?" என்கிறது. மற்றக் கட்சி, "மென்செஸ்டர் சிட்டி மட்டும் இல்லையென்றால் ஐந்து லீக் எடுத்திருப்பார்" என்கிறது. கோப்பை ஏழா எட்டா என்ற தகராறில் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நியாயமாகக் கணக்குப் பார்க்க வழி உண்டா?

இன்னொன்று. எங்கள் தோட்டத்து டீமைப் பயிற்றும் மாஸ்டரையும் "மூன்று வருஷமாகக் கப் இல்லை, மாற்றுவோம்" என்கிறார்கள். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் வாசகன்,
பொகவந்தலாவை

*

அன்புள்ள தம்பி,

பேசாமல் இருக்கும் அந்த இரண்டு பேரை முதலில் சேர்த்துவைப்போம். இருவர் சொல்வதும் சரி. 2019 சம்பியன்ஸ் லீக், அதே வருடம் ஐரோப்பிய சுப்பர் கிண்ணம், கழக உலகக் கிண்ணம், 2019–20 பிரீமியர் லீக், 2022 லீக் கிண்ணம், 2022 எஃப்.ஏ. கிண்ணம், 2024 லீக் கிண்ணம். இது ஏழு. 2022 கொமியுனிட்டி ஷீல்டைச் சேர்த்தால் எட்டு. அது பருவம் தொடங்குமுன் ஆடும் ஒற்றை ஆட்டம், நான் சேர்ப்பதில்லை. சேர்ப்பவரோடு அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

"சிட்டி இல்லையென்றால் ஐந்து" என்ற கட்சிக்குக் கெட்ட செய்தி. பழைய அட்டவணைகளை எடுத்து, சிட்டி என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் பாருங்கள். 2018–19, 2021–22 இரண்டும் லிவர்பூலுக்கு வரும். ஏற்கெனவே எடுத்ததோடு மூன்று, அவ்வளவுதான். 2017–18இல் லிவர்பூல் நான்காம் இடம், 2020–21இல் மூன்றாம் இடம், 2022–23இல் ஐந்தாம் இடம். 2023–24இல் சிட்டியை அடித்தாலும் 89 புள்ளியோடு ஆர்சனல் நிற்கிறது.

இனிக் கணக்கு (வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1). எல்லோரும் சறுக்கும் இடம் முதல் பருவம். க்ளொப் 2015 ஒக்டோபர் 8ஆம் திகதி பொறுப்பேற்றார். அதற்குள் முந்திய முகாமையாளர் பிரெண்டன் ரொஜர்ஸின் கீழ் 8 ஆட்டம் முடிந்து 12 புள்ளி வந்திருந்தது. பருவ முடிவில் லிவர்பூல் 60 புள்ளி, எட்டாம் இடம். இந்த 60ஐ அப்படியே க்ளொப் தலையில் கட்டக்கூடாது. அவருடையது 30 ஆட்டம், 48 புள்ளி. அதற்குப் பின் வந்த எட்டு முழுப் பருவமும் இப்படி:

2016–17: 76 (சம்பியன் செல்சி 93)
2017–18: 75 (சிட்டி 100)
2018–19: 97 (சிட்டி 98)
2019–20: 99 (சம்பியன் லிவர்பூல், அடுத்தது சிட்டி 81)
2020–21: 69 (சிட்டி 86)
2021–22: 92 (சிட்டி 93)
2022–23: 67 (சிட்டி 89)
2023–24: 82 (சிட்டி 91)

கூட்டினால் லீக்கில் 334 ஆட்டம், 209 வெற்றி, 78 சமநிலை, 47 தோல்வி, 705 புள்ளி. ஆட்டத்துக்கு 2.11. 38 ஆட்டப் பருவத்துக்குப் பெருக்கினால் 80 புள்ளி.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் 97ஐயும் 92ஐயும் தோல்வி என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் இரண்டாம் இடத்தில் முடித்த வேறு எந்த அணியும் 97 எடுத்ததில்லை. 2017க்கு முந்திய எந்தப் பிரீமியர் லீக் பருவத்தில் வைத்தாலும் அது சம்பியன் புள்ளி. 97 எடுத்த 2018–19இல் லிவர்பூல் லீக்கில் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், 2019 ஜனவரி 3, சிட்டியின் மைதானத்தில். கோல் ஏதும் விழாத நேரம். லிவர்பூலின் சாடியோ மானே அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சிட்டியின் ஜோன் ஸ்டோன்ஸ் அதை வெளியேற்ற உதைத்தார், அது கோல்காப்பாளர் எடர்சன் மேல் பட்டுத் தெறித்துக் கோலை நோக்கிப் போனது. ஓடிப்போய்க் காலை வீசிக் கோட்டிலிருந்து எடுத்தவரும் அதே ஸ்டோன்ஸ்தான். முழுப் பந்தும் கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு சென்டிமீற்றருக்குச் சற்று மேல்தான் மிச்சம் என்று கோல்கோட்டுக் கருவி காட்டியது. பிறகு 1–1 என்று இருந்தபோது சிட்டியின் லெரோய் சானே அடித்ததும் தூரக் கம்பத்தில் பட்டது, ஆனால் உள்ளே போனது. 2–1. அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால் லிவர்பூல் 98, சிட்டி 96. இந்த ஒரு சென்டிமீற்றரை வைத்து ஒரு முகாமையாளரின் ஒன்பது வருடத்துக்குத் தீர்ப்பு எழுதுவதா?

க்ளொப் மேல் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் 69இலும் 67இலும் தேடுங்கள். உங்கள் சலூனில் யாராவது இதைப் பேசுகிறார்களா என்று தெரியவில்லை.

2020–21க்கு எல்லோரும் சொல்லும் காரணம் மையப் பின்கள வீரர் வேர்ஜில் வேன் டைக்கின் முழங்கால் காயம். ஒக்டோபர் 17, எவர்டன் மைதானம். உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே, வேன் டைக் ஆடும்போதே, அஸ்டன் வில்லாவிடம் 7–2 என்று தோற்றார்கள். இன்னும் பின்னால் போங்கள். அந்தக் கோடையில் டெஜன் லொவ்ரனை விற்றுவிட்டு அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. மூன்றே மூன்று மூத்த மையப் பின்கள வீரர்கள், அதில் ஜோயல் மட்டிப் அடிக்கடி காயப்படுகிறவர். நவம்பரில் ஜோ கோமஸும் போய், ஜனவரியில் மட்டிப்பும் போனார். ஆள் தேடியது ஜனவரிச் சந்தை மூடும் கடைசி நாளில்.

அதைவிடப் பெரிய பிழை, நடுக்களத்திலிருந்து ஃபபின்ஹோவையும் ஜோர்டன் ஹென்டர்சனையும் பின்னால் இறக்கியது. க்ளொப்பின் ஆட்டம், பந்தை இழந்த இடத்திலேயே நாலைந்து பேர் பாய்ந்து பறிப்பது. முன்வரிசை பாயும்போது நடுக்களம் அதன் முதுகை ஒட்டி வரவேண்டும், பின்வரிசை நடுக்களத்தின் முதுகை ஒட்டி மேலே ஏறி நிற்கவேண்டும். மூன்று வரிசைக்கும் இடையில் சந்து விழக்கூடாது. பின்னால் ஓட்டை என்று நடுக்களத்தைப் பிடுங்கி அடைத்ததால் ஓட்டை இரண்டாகியது. பின்வரிசை பயந்து கீழே இறங்கியது. முதல் பாய்ச்சலைத் தாண்டிய எதிரணிக்கு நடுவில் வெற்றிடம் கிடைத்தது. இரு பக்கத்துப் பின்கள வீரர்கள் ரொபர்ட்சனும் அலெக்சாண்டர்-ஆர்னல்டும் மேலே போகத் தயங்கினார்கள். 2018–19 லீக்கில் இந்த இருவர் மட்டுமே 23 கோல்களுக்குப் பந்து கொடுத்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்று புரியும். சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டம் தோற்காமல் இருந்தவர்கள், பேர்ன்லி தொடங்கி ஃபுல்ஹாம் வரை தொடர்ந்து ஆறு தோற்றார்கள்.

மார்ச்சில் ஃபபின்ஹோ நடுக்களத்துக்குத் திரும்பினார். பின்னால் நத்தேனியல் ஃபிலிப்ஸ் போன்ற அனுபவமில்லாத பையன்கள். கடைசிப் பத்து ஆட்டத்தில் 8 வெற்றி, 2 சமநிலை, மூன்றாம் இடம். (வெஸ்ட் புரொம்விச்சில் 95ஆம் நிமிடம் கோல்காப்பாளர் அலிசன் தலையால் முட்டியது இதில்தான்.) இதை டிசம்பரிலேயே செய்திருக்கலாம். அது முகாமையாளர் கையில் இருந்த முடிவு, காயத்தின் மேல் பழி போட முடியாது.

2022–23 வேறு நோய். அதற்கு முந்திய பருவத்தில் நான்கு போட்டியிலும் கடைசி வரை போய் 63 ஆட்டம் ஆடியிருந்தார்கள். கோடையில் ஹென்டர்சனுக்கு வயது 32, தியாகோவுக்கு 31, ஜேம்ஸ் மில்னருக்கு 36. பார்த்தவர் எல்லோருக்கும் தெரிந்தது நடுக்களம் களைத்துவிட்டது என்று. வாங்கியதோ முன்கள வீரர் டார்வின் நூன்யெஸை. நடுக்களத்துக்கு யுவென்டஸிலிருந்து ஆர்தர் மெலோ இரவலாக வந்தார், அதுவும் சந்தையின் கடைசி நாளில். பிரதான அணிக்கு அவர் ஆடியது மொத்தம் 13 நிமிடம். அடுத்த பருவம் சம்பியன்ஸ் லீக்கில் ஆடும் இடம் போனது.

இதை நம் ஊர்ப் பேச்சில் சொல்லலாம். கவ்வாத்து வெட்ட (தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிட) வேண்டிய மலையை, கொழுந்து இன்னும் வருகிறதே என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். அடுத்த வருடம் கொழுந்தும் இல்லை, வெட்டும் வேலையும் அப்படியே இருந்தது. 2023 கோடையில்தான் வெட்டினார்கள். ஹென்டர்சன், ஃபபின்ஹோ, மில்னர், கெய்ட்டா, ஒக்ஸ்லேட்-சேம்பர்லின் எல்லோரும் வெளியே. மெக் அலிஸ்டர், சொபொஸ்லாய், எண்டோ, கிராவன்பேர்க் உள்ளே.

அந்தத் துளிர்தான் ஸ்லொட்டின் கூடைக்கு வந்தது. முதல் பருவத்தில் அவருக்காக ஆடிய புதிய ஆள் கியேசா ஒருவர்தான், அவரும் லீக்கில் எப்போதாவது இறங்கியவர். ஆகவே "அதே டீம்" என்பது சரி. 2024–25இல் லிவர்பூல் 84 புள்ளியோடு சம்பியன். க்ளொப்பின் கடைசிப் பருவம் 82. இரண்டே புள்ளி வித்தியாசம் என்று க்ளொப் கட்சி துள்ளும். துள்ளவிடாதீர்கள். ஸ்லொட் 34 ஆட்டத்திலேயே 82 எடுத்து, கோப்பையை உறுதிசெய்துவிட்டு, மிச்சம் நாலு ஆட்டத்தில் 2 புள்ளிதான் எடுத்தார். க்ளொப் அதே 34 ஆட்டத்தில் 74. எட்டுப் புள்ளி என்பது உண்மையான முன்னேற்றம், அந்தப் பெருமை ஸ்லொட்டுடையது. அதேநேரம் அந்த வருடம் இரண்டாம் இடம் வந்த ஆர்சனல் எடுத்தது 74. மேலே உள்ள பட்டியலில் 74ஐத் தேடிப் பாருங்கள், க்ளொப்பை முந்திச் சம்பியன் ஆனவர்களில் ஒருவர்கூட அவ்வளவு கீழே இல்லை.

போகப்போவதை 2024 ஜனவரி 26இலேயே அறிவித்தது பிழையா என்பதும் சண்டையில் வரும். அறிவித்த பிறகும் லீக் கிண்ணம் வென்றார்கள், 30 ஆட்டம் முடிய 70 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தார்கள். கடைசி எட்டு ஆட்டத்தில்தான் 24க்கு 12 புள்ளி. சொந்த மைதானத்தில் கிரிஸ்டல் பெலஸிடமும், எவர்டன் மைதானத்திலும் தோற்றார்கள். அறிவிப்புத்தான் காரணமென்றால் சரிவு பெப்ரவரியில் தொடங்கியிருக்க வேண்டும். என் கணிப்பில் அது களைப்பு.

கிண்ணப் போட்டிகளுக்கு இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள், லீக்கோடு கலக்க வேண்டாம். பெரிய இறுதி ஆட்டங்கள் எட்டு, வென்றது நாலு. சம்பியன்ஸ் லீக்கில் 2018 கியேவிலும் 2022 பாரிஸிலும் ரியல் மட்ரிட்டிடம் தோல்வி, 2019 மட்ரிட்டில் டொட்டன்ஹாமை 2–0. 2016இல் லீக் கிண்ணம் சிட்டியிடமும் யூரோப்பா லீக் செவியாவிடமும் போனது. 2022இன் இரண்டு உள்நாட்டுக் கிண்ணமும் செல்சிக்கு எதிராக 120 நிமிடம் கோலின்றி முடிந்து பெனால்டியில் வந்தவை. ஒன்று 11–10, மற்றது 6–5. ஒரு உதை மாறியிருந்தால் "எட்டு இறுதியில் மூன்று" என்று பேசிக்கொண்டிருப்போம். அதனால்தான் கிண்ணத்தை மட்டும் வைத்து யாரையும் நிறுக்க நான் விரும்புவதில்லை.

பொப் பெய்ஸ்லி ஒன்பது பருவத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தார் என்று யாராவது பெரியவர் சொன்னால் வாதாடாதீர்கள். லிவர்பூல் முகாமையாளர்களில் க்ளொப் அவருக்குக் கீழேதான்.

உங்கள் மாஸ்டர் விஷயம். ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: திகதி, எதிரணி, யாருடைய மைதானம், மழையா சேறா, கோல், கடைசி நிரலில் வரமுடியாமல் போனவர்கள். இந்தக் கடைசி நிரல்தான் முக்கியம். தோட்டத்து டீமில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் பெயர் கொடுத்தவன், கொழும்புக் கடையிலிருந்து லீவு கிடைக்காதவன் என்று கோல்காப்பாளரே மாறிமாறி வருவான். சரிவான கிரவுண்டில் எந்தப் பாதியில் மேலிருந்து கீழே அடித்தீர்கள் என்பதையும் குறியுங்கள். பதினைந்து வரி சேர்ந்ததும் முழு அணி வந்த ஆட்டங்களை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அதிலும் தோல்வியே அதிகமென்றால் மாஸ்டரோடு பேசுங்கள். மற்ற ஆட்டங்களில்தான் தோல்வியென்றால் கொழும்பில் இருக்கும் பையன்களுக்கு அட்டவணையை இரண்டு வாரம் முன்னால் அனுப்புங்கள், லீவு கேட்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்