மீன் தொட்டி கேள்வி – பதில்: தங்கமீனுக்கு அடிபட்டால்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். இரண்டடித் தொட்டியில் இரண்டு ஓரண்டா, ஒரு பிளாக் மோர் என்று மூன்று தங்கமீன் வளர்க்கிறேன். நேற்றுக் காலையில் பெரிய ஓரண்டாவின் இடப்பக்கத்தில் நாலைந்து செதில் உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. வாலிலும் ஒரு கிழிசல். இரை எடுக்கிறது, வழக்கம்போல் நீந்துகிறது. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள்தூள் போடச் சொல்கிறார். கடைக்காரர் மஞ்சள் மருந்து கொடுத்தார். எதைப் போடுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டு மஞ்சளும் வேண்டாம்.

இரை எடுக்கிறது, முதுகுத் துடுப்பை நிமிர்த்தி நீந்துகிறது என்றால் இது சின்னக் காயம். நல்ல தண்ணீர் இருந்தால் தானே ஆறிவிடும். சமையல் மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. மிதந்து செவுளில் ஒட்டும், மிச்சம் அடியில் தங்கி அழுகும். கடையில் கொடுக்கும் மஞ்சள் மருந்து பெரும்பாலும் அக்ரிஃபிளேவின். கிருமியைக் கொல்லும் அந்த மருந்து, பில்டரில் குடியிருந்து மீனின் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் சில நாளில் அமோனியா ஏறி, காயமில்லாத மீனும் சுணங்கிப் போகும். நீல மருந்தான மெத்திலீன் புளூவுக்கும் இதே கதைதான். காயத்தால் சாகும் மீனைவிட வைத்தியத்தால் சாகும் மீன்தான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. டெஸ்ட் கிட்டில் அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40க்குக் கீழே காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் லயத்து வீட்டுத் தொட்டித் தண்ணீர் 29, 30 பாகைக்குப் போய்விடுகிறது. 20 பாகைத் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது 7.5தான். அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கும் அதே பத்துப் பாகை ஏற்றத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த அளவுகளை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. டெஸ்ட் கிட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இன்றே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் கலந்து, தொட்டியின் சூட்டுக்கே கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும்.

அடுத்தது உப்பு. மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். மீனும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். செதிலும் மேலிருக்கும் வழவழப்பும்தான் அந்த ஊறலைத் தடுக்கிற வேலி. வேலி பிய்ந்த இடத்தில் தண்ணீர் கூடுதலாக உள்ளே போகும், உடம்பின் உப்பு வெளியே கசியும். தொட்டியில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தச் சுமை குறையும், மிச்சமாகும் தெம்பு காயத்தை ஆற்றப் போகும்.

சின்னக் காயத்துக்கு லிட்டருக்கு 2 கிராம் போதும். உங்கள் தொட்டி 60 × 30 செ.மீ., தண்ணீர் 30 செ.மீ. உயரம் என்று வைத்தால் மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 54 லிட்டர். கல், பில்டர் அடைத்த இடம் போக 50 லிட்டர். 100 கிராம் உப்பு வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை வரும்; கேக் செய்யும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக் கல்லுப்பே போதும். அயோடின் கலந்த உப்பாக இருந்தாலும் அந்த அளவு அயோடின் மீனை ஒன்றும் செய்யாது. 100 கிராமை மூன்று பங்காக்கி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், ஒவ்வொரு தடவையும் ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து ஊற்றுங்கள். கல்லாகவே போட்டால், அடியில் வாயால் துழாவித் திரியும் தங்கமீன் அதன் மேல் போய்ப் படுத்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

உப்பில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மட்டம் இறங்கினால் வெறும் தண்ணீரை மட்டும் நிரப்புங்கள். வெளியே எடுத்துக் கொட்டிய தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு திரும்பப் போட வேண்டும்: 15 லிட்டர் மாற்றினால் 30 கிராம். இன்னொன்று, பில்டருக்குள் அமோனியா உறிஞ்சும் வெள்ளைக் கல், அதாவது ஜியோலைட், இருந்தால் உப்புக்கு முன் எடுத்துவிடுங்கள். உப்பு பட்டால் அது பிடித்து வைத்த அமோனியாவைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். செடிகளை வேறு வாளிக்கு மாற்றுங்கள். ஏழிலிருந்து பத்து நாள் உப்பில் இருந்தால் போதும். பிறகு வாரம் கால் பங்கு வெறும் தண்ணீர் மாற்ற மாற்றத் தானே குறைந்துவிடும்.

மீனைத் தனியாக எடுக்க வேண்டுமா? மற்றவை காயத்தைக் கொத்தினால் மட்டும். 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் 30 லிட்டர் தண்ணீர், 60 கிராம் உப்பு, பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்று. பழகிய பில்டர் இல்லையென்றால் தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். மீனை வலையில் பிடிக்காதீர்கள், இருக்கிற செதிலும் வலைக்கண்ணில் மாட்டிப் பிய்யும். அகலமான கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை மெல்ல உள்ளே ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள்.

முதல் நாள் இரை வேண்டாம். பிறகு ஒரு வாரம் வழக்கமான அளவில் பாதி.

இரண்டு மூன்று நாளில் அந்த இளஞ்சிவப்பு மங்கி, இடத்தின் மேல் கண்ணாடி போல மெல்லிய தோல் மூடும். வாலின் கிழிசல் ஓரத்தில் வெளுப்பாக, ஒளி ஊடுருவும்படி ஒரு கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது புதிதாக வளரும் துடுப்பு. துடுப்பின் நரம்பு அடியோடு போகாத வரை இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும். செதில் முளைக்க மாதக்கணக்கு ஆகலாம். முளைக்கும் செதில் பழைய நிறத்திலேயே வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

கவலைப்பட வேண்டிய வெளுப்பு வேறு மாதிரி இருக்கும். ஒளி ஊடுருவாது, சாம்பல் அல்லது லேசான மஞ்சள் படலமாகக் காயத்தைச் சுற்றிப் படரும், காலையில் பார்த்ததைவிட மாலையில் பெரிதாக இருக்கும், ஓரம் சிவந்திருக்கும். பஞ்சு போலத் தெரிவதால் கடையில் பூஞ்சை என்று சொல்லிவிடுவார்கள். தண்ணீர்ப் பூஞ்சைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் பிடிக்கும். நம் சூட்டில் இவ்வளவு வேகமாகப் பரவுவது பெரும்பாலும் கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. அப்போதுதான் மஞ்சள் மருந்துக்கு வேலை: தனிப் பெட்டியில், புட்டியில் போட்ட அளவில், பெட்டி எத்தனை லிட்டர் என்று அளந்த பிறகு. வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் கேப்சூலை உடைத்துக் கொட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எந்தக் கிருமி, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல் போடும் மருந்து பில்டரைக் கெடுக்கும், கிருமிக்கும் பழகிப்போகும். காயம் குழியாகிச் சதை தெரிந்தாலோ, செதில்கள் அன்னாசிப் பழம் போல விரிந்து நின்றாலோ, மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்.

காரணத்தைப் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவீர்கள். ஒரு பழைய நைலான் காலுறையைத் தொட்டிக்குள் இருக்கும் கல், பொம்மைக் கோட்டை, பிளாஸ்டிக் செடி மேலெல்லாம் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டுகிற இடத்தில்தான் வாலும் மாட்டும். பிளாஸ்டிக் செடியை முதலில் சந்தேகப்படுங்கள். பில்டர் உறிஞ்சும் குழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். மற்ற இரண்டில் ஒரு மீனின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்நரம்பிலும் வெள்ளை மணி போலப் புள்ளிகள் இருந்தால் அது ஆண்; வெள்ளைப்புள்ளி நோய் இல்லை. அவன் துரத்தித் துரத்தி முட்டியதில் செதில் போயிருக்கலாம், அப்படியென்றால் ஒரு வாரம் அவனைப் பிரித்து வையுங்கள். உண்மையைச் சொன்னால் மூன்று ஃபேன்சி தங்கமீனுக்கு இரண்டடித் தொட்டி பற்றாது. அடுத்து வாங்குவது மூன்றடியாக இருக்கட்டும்.

கேள்வி: என் ரியூக்கின் தங்கமீனின் காயம் ஆறியது, ஆனால் அந்த இடம் கறுத்துவிட்டது. அழுகல் தொடங்கிவிட்டதா? – பீடோர் வாசகர்

பதில்: இல்லை. ஆறும் இடத்துக்குக் கருநிறச் செல்கள் கூடுவது தங்கமீனில் சகஜம். சில வாரத்தில் மங்கிவிடும். ஆனால் அடிபடாத இடத்திலும், துடுப்பு ஓரங்களிலும் கறுப்பு வந்தால் அமோனியா சுட்டு, இப்போது ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் வாங்கிய பபிள் ஐ தங்கமீனின் கண்ணுக்குக் கீழே இருக்கும் நீர்ப் பைகளில் ஒன்று உடைந்து தோல் தொங்குகிறது. மறு பையையும் ஊசியால் குத்திச் சமப்படுத்தலாமா? – சுங்கை சிப்புட் வாசகி

பதில்: கூடவே கூடாது. உடைந்த பையே கிருமிக்குத் திறந்த வாசல். இரண்டாவதை ஏன் திறக்க வேண்டும்? மேலே சொன்ன தனிப் பெட்டி, லிட்டருக்கு 2 கிராம் உப்பு, தினமும் தண்ணீர் மாற்றம், அவ்வளவுதான். தொங்கும் தோலை வெட்டாதீர்கள், விரலால் தொடாதீர்கள். ஓட்டை மூடிப் பை திரும்ப நிரம்புவது உண்டு. சிறியதாகவோ கோணலாகவோ நிரம்பலாம், நிரம்பாமலே போகலாம். எப்படியானாலும் மீன் நன்றாக வாழும். இந்த வகைக்குத் தொட்டியின் அடி வெறுமையாக இருக்க வேண்டும், கல் கூட வேண்டாம். வேகமாக நீந்தும் காமெட் எனும் வால்மீன் வகைத் தங்கமீனோடு சேர்க்காதீர்கள், இரைக்குப் போட்டி போட இவற்றால் முடியாது.

கேள்வி: பைப் தண்ணீர் தடைப்படும் நாளில் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றலாமா? குளோரின் இல்லையே, காயத்துக்கு நல்லதுதானே?

பதில்: ஜிங்க் கூரையில் ஓடி வந்த தண்ணீர் என்றால் வேண்டாம். மழைத் தண்ணீரில் லேசான புளிப்பு உண்டு. அது கூரையின் துத்தநாகத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும். கால்சியம் இல்லாத மென்தண்ணீரில் துத்தநாகம் மீனின் செவுளை இன்னும் கடுமையாகத் தாக்கும். தவிர, மழைத் தண்ணீருக்கு பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் சக்தி கிடையாது, ஒரே இரவில் சரிந்துவிடும். தங்கமீனுக்கு 7க்கும் 8க்கும் இடையில் நிலையாக இருக்க வேண்டும். மூடி போட்ட ஒரு டோங்கில் எப்போதும் 50 லிட்டர் பைப் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். தண்ணீர் திரும்ப வரும் அன்று முதலில் வருவது கலங்கலாக இருந்தால் தெளியும் வரை ஓட விட்டுப் பிடியுங்கள்.

கேள்வி: டெங்கிக்காக லயத்தில் புகையடித்த அன்று தங்கமீன் பித்துப் பிடித்ததுபோல் ஓடி, கண்ணாடியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொண்டது. புகைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நிறைய. கொசுப் புகையில் சேர்க்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் நமக்குச் செய்வதைவிட மீனுக்குப் பல மடங்கு கெடுதல் செய்யும். நரம்பைத் தாக்குவதால்தான் அந்த ஓட்டம். வீட்டுக்குள் மிஞ்சிய புகையை ஏர் பம்பே உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழியாக விடும். இப்போது பாதித் தண்ணீரை மாற்றி, பில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் (பில்டர் கரி) ஒரு பை வைத்து, காற்றைக் கூட்டுங்கள். மறுநாளும் பாதி மாற்றுங்கள். மூக்குக் காயத்துக்கு அதே உப்பு. அடுத்த தடவை புகை வண்டிச் சத்தம் கேட்டவுடன் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியின் வாயை ஈரத்துணியாலும் அதன் மேல் பிளாஸ்டிக்காலும் மூடுங்கள். புகை அடங்கி, கதவு ஜன்னலைத் திறந்து வீட்டைக் காற்றாட விட்ட பிறகு, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள், துணியை எடுத்து பம்பை ஓட்டுங்கள். அந்தத் துணியைத் தொட்டிக்கு மேல் பிழியாமல் வெளியே கொண்டுபோய் அலசுங்கள்.