என் கடை, என் விருப்பமா?

கேள்வி: கடை என்னுடையது, போட்ட முதல் என்னுடையது. யாருக்கு விற்பது, யாருக்கு மறுப்பது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா?

பதில்: கடன் தர மறுக்கலாம். குடித்துவிட்டு ரகளை செய்பவரை வெளியே அனுப்பலாம். 18 வயது ஆகாதவருக்கு சிகரெட் விற்கவே கூடாது. ஆனால் சாதி பார்த்து மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை, 1950லிருந்தே இல்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. சேவை தர முன்வரும் எவருடைய இடமும் 'கடை'தான் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். 'அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு' என்று பலகை மாட்டினாலும் இது மாறாது. வேட்டி கட்டியவரைத் தடுக்கும் கிளப்புகளுக்கு எதிராகக்கூட 2014இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது.

'ஊர்க் கட்டுப்பாடு, நான் என்ன செய்ய' என்ற சாக்கும் எடுபடாது. 2022இல் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிய கடைக்காரர் கைதானார்; கடைக்கு சீல் வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்! அப்போது பரவிய காணொளியைப் பார்த்த பிறகும் இதை 'உரிமை' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. டீயைக் கொடுத்துவிட்டு டம்ளரைத் தனியாக வைப்பதும் இதில் அடங்கும். மறுக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் என்றால், தீண்டாமையால்தான் மறுத்தீர்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் தண்டனை ஐந்து ஆண்டு வரை போகும், முன்ஜாமீன் கிடைப்பது அரிது.

மறுக்கப்பட்டவர்களுக்கும் ஒன்று. 'கேவலமாகப் பேசினார்' என்று மட்டும் எழுதிய புகார் நிற்காது. தேதி, நேரம், கேட்ட பொருள், கடைக்காரர் சொன்ன வார்த்தை, அதே நேரத்தில் அதே பொருளை வேறு யாருக்குக் கொடுத்தார் என்பது எல்லாம் வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வழக்கின் உயிரே அதில் இருக்கிறது. உங்கள் சாதியையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் சாதாரணத் தகராறாகப் பதிவாகிவிடும். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும். நிலையத்தில் 'பேசி முடிச்சுக்கலாம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.