விரிச்சியை ஜோதிடம் என்று எழுதலாமா?

கேள்வி: சங்க இலக்கியமான முல்லைப்பாட்டு பற்றிய என் ஆய்வேட்டில் 'முதிய பெண்கள் ஜோதிடம் பார்த்தனர்' என்று எழுதியிருந்தேன். நெறியாளர் அதைச் சுழித்து 'விரிச்சி' என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். இரண்டும் வருவதை அறிவதுதானே?

பதில்: மாற்றிவிடுங்கள், அது தவறுதான். விரிச்சியில் ஜோதிடரே கிடையாது. ஓரிடத்தில் காத்து நின்று, யாரோ தம் போக்கில் பேசுவது காதில் விழுந்தால் அதையே நல்லது கெட்டதுக்குக் குறியாகக் கொள்வதுதான் விரிச்சி. தலைவன் போருக்குப் போயிருக்கிறான், முதிய பெண்கள் ஊர்ப்பக்கம் போய் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைதொழுது நிற்கிறார்கள், அந்த நேரம் பார்த்து, தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் இடைப்பெண் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். அவள் சொன்னது கன்றுக்கு. இவர்கள் எடுத்துக்கொண்டது தலைவனுக்கு.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ஜோதிடம் பார்ப்பார்கள், குறி கேட்பார்கள், விரிச்சி நிற்பார்கள். பாட்டிலேயே 'விரிச்சி நிற்ப' என்றுதான் இருக்கிறது. தொல்காப்பியம், பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவர்வதைச் சொல்லும் வெட்சித் திணையில் 'பாக்கத்து விரிச்சி' என்கிறது, அது ஆநிரை கவரப் போகுமுன் நற்சொல் கேட்பது. அதனால் இது பெண்கள் வழக்கம் மட்டும் என்றும் எழுதிவிடாதீர்கள்.

குறி சொல்லும் பெண்ணான கட்டுவிச்சியை மட்டும் தனியாக வையுங்கள். மகள் மெலிவது ஏன் என்று தெரியாமல் வீட்டார் கட்டுவிச்சியை அழைத்துக் கேட்க, அவள் முறத்தில் நெல்லை இட்டு எண்ணிச் சொல்வாள். இங்கே சொல்வதற்கு ஓர் ஆள் உண்டு, எண்ணிக்கையும் உண்டு, அதனால் விரிச்சி ஆகாது. கோளும் நாளும் இல்லை, அதனால் ஜோதிடமும் ஆகாது. அது குறி.

அப்புறம் ஒன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மொழி திருத்தித் தருகிறோம் என்று பக்கத்துக்கு இவ்வளவு எனக் காசு வாங்கும் தட்டச்சுக் கடைப் பக்கம் ஆய்வேட்டோடு போகவே போகாதீர்கள். ஒரே சொல் திரும்ப வருகிறது, கருத்துத்திருட்டு மென்பொருளில் சதவீதம் ஏறும் என்று பயமுறுத்தி, ஒரு பக்கத்தில் ஆரூடம், அடுத்த பக்கத்தில் நிமித்தம் என்று மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆரூடம் என்பது ஒருவர் வந்து கேள்வி கேட்கும் நேரத்தை வைத்துச் சொல்வது, இங்கே ஒட்டவே ஒட்டாது. சதவீதத்தை எண்ணத் தெரிந்த பல்கலைக்கழகத்துக்குச் சொல்லின் பொருளைப் பார்க்க ஆளில்லை. நெறியாளரும்தான், சுழித்த இடத்தில் ஒரு வரி விளக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சரி, 'முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி நின்றனர்' என்று எழுதுங்கள். அடிக்குறிப்பில் 'நற்சொல் கேட்டல்' என்று போட்டால் போதும்.