நாடகமும் அரங்கியலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்திருக்கிறாள். உயர்தரக் கலைப்பிரிவில் தமிழ், புவியியல் ஆகியவற்றுடன் நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தையும் எடுக்க விரும்புகிறாள். வகுப்பில் எழுந்து நின்று பேசவே கூச்சப்படுகிற பிள்ளை அவள். ‘அது இலகுவான பாடம், படித்தும் பயனில்லை’ என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அனுமதிக்கலாமா?
— ஒரு தாய், வவுனியா

பதில்: தாராளமாக அனுமதியுங்கள். உறவினர்கள் சொல்லும் இரண்டு காரணங்களுள் முதலாவதை முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியை அதே பாடத்தை எழுதிய ஏனையோரின் சராசரியுடன் ஒப்பிட்டே கணிக்கப்படுகிறது. எல்லோருக்கும் இலகுவாக இருக்கும் பாடத்தில் எல்லோருடைய புள்ளியும் உயர்ந்துவிடுவதால், இலகுவானது என்பதற்காக ஒரு பாடத்தைத் தெரிவு செய்பவருக்குத் தனி இலாபம் எதுவும் கிடைப்பதில்லை. மேலும், இப்பாடம் உண்மையில் இலகுவானதும் அன்று. கிரேக்க அரங்கிலிருந்து ரஷ்ய நெறியாளர் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ற் வரையான உலக அரங்கு, ஈழத்துத் தமிழ் அரங்கின் வரலாறு, சிங்கள அரங்கு, நடிப்பு, நெறியாள்கை, காட்சியமைப்பு, வேட உடை, ஒப்பனை என்று அது விரிந்து செல்கிறது. எழுத்துப் பரீட்சையுடன் செயன்முறைப் பரீட்சையும் உண்டு.

பயன் என்ற கேள்விக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் இயங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இத்துறையில் பட்டம் பெறலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அழகியற் பாடங்களுள் ஒன்றாக நாடகம் கற்பிக்கப்படுவதால் ஆசிரியத் தொழிலுக்கும் இடமுண்டு. ஆயினும், தொழிலை மட்டும் காட்டி இப்பாடத்துக்காக வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. இந்தப் பாடம் இரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்குள் ஏற்படுத்தும் மாற்றம் எந்தத் தொழிலிலும் அவளோடு கூடவே வரும் என்பதை உறுதியாக நம்புகிறேன்.

கூச்சத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. நல்ல நாடக வகுப்பு எந்தப் பிள்ளையையும் முதல் நாளே நடுவில் நிறுத்தி ‘நடி’ என்று சொல்வதில்லை. இருவர் இருவராக எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாகக் கையை உயர்த்த, மற்றவர் கண்ணாடிப் பிம்பம் போல அதையே செய்யும் பயிற்சி பெரும்பாலான வகுப்புகளில் ஆரம்பத்திலேயே வரும். அதில் பேச்சுக்கு இடமில்லை. பார்ப்பவரும் இல்லை, ஏனென்றால் எல்லோரும் செய்துகொண்டிருப்பார்கள். துடிப்பான பிள்ளைகள் தம் கையை வேகமாக வீசித் தோழியைத் தடுமாற வைப்பதையும், கூச்சமுள்ள பிள்ளைகள் எதிரே நிற்பவரின் தோளசைவைக் கொண்டே அடுத்த அசைவை உணர்ந்துவிடுவதையும் அங்கே காணலாம். கவனித்துப் பழகிய இந்தக் கண்ணும் காதும்தான் நடிப்பின் அடிப்படை. வாய் திறப்பது அதன் பின்னர் தானாகவே நடக்கும். பாடசாலையில் இப்பாடத்துக்கு உரிய ஆசிரியர் இருக்கிறாரா, பிள்ளைகளை எழுந்து செய்ய வைக்கிறாரா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். குறிப்பை வாசித்துச் சொல்லி எழுத வைப்பதோடு வகுப்பு முடிந்துவிடுமாயின், நான் சொன்ன மாற்றங்களுள் ஒன்றையும் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: நான் உயர்தர வகுப்பு மாணவன். ஈழத்துத் தமிழ்க் கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டு மனனம் செய்கிறேன். பரீட்சை நெருங்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிக் குழம்பிவிடுகின்றன. இவற்றை நினைவில் நிறுத்த என்ன வழி?
— மாணவன், மட்டக்களப்பு

பதில்: மட்டக்களப்பில் இருந்துகொண்டு நீங்கள் கூத்தை அட்டவணையில் படிப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனைய மாவட்டங்களின் மாணவர்கள் புத்தகத்தில் தேடுவது உங்களுக்குச் சைக்கிள் ஓடும் தூரத்தில் இருக்கிறது. அட்டவணையை மூடி வைத்துவிட்டு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் அருகில் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

கூத்துப் பழகும் முறையே ஒரு முழுமையான கல்வி முறை. நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். அதாவது, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து அவரவர் பாட்டுகள் எழுதிய ஏட்டை ஒப்படைப்பார்கள். பின்னர் மாதக்கணக்கில் இரவுகளில் ஆட்டமும் பாட்டும் பழகி, கால் தாளத்துக்குப் படிந்தது என்று அண்ணாவியாருக்கு மனம் நிறைந்த பிறகே சதங்கை அணிவார்கள். அதன் பின் கிழமைக் கூத்து (கிழமைக்கு ஒரு முறை ஆடிப் பார்ப்பது), அடுக்குப் பார்த்தல் (முழுக் கூத்துக்குமான ஒத்திகை) என்று படிப்படியாகச் சென்று அரங்கேற்றம் நடக்கும். இந்த வரிசையை ஒரு முறை உடனிருந்து பார்த்தவருக்கு ‘கூத்தின் பயிற்சிப் படிமுறைகளை விளக்குக’ என்ற வினா ஒரு சுமையே அன்று.

இனி மோடிகளுக்கு வருவோம். வடமோடி பெரும்பாலும் இராமாயண, பாரதக் கதைகளை எடுத்துப் போரை நோக்கிச் செல்வது. தென்மோடியில் காதலும் திருமணமும் கொண்ட கதைகள் மிகுதி. போரை ஆட வேண்டிய அரசனுக்குக் கம்பீரம் தேவைப்படுகிறது. ஆகவே வடமோடி அரசன் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் பாரமான முடியும் அணிகிறான். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, கூத்தின் திறந்த ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடுபவனின் ஆட்டம் அகன்று வீரம் காட்டுவதாகத்தான் அமைய முடியும். தென்மோடியில் உடையின் பாரம் குறைவு; அதனால் காலின் நுணுக்கத்துக்கு இடம் கூடுகிறது. கதை, உடை, ஆட்டம் மூன்றும் இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கண்டுகொண்டால் இடப்பக்கம் வலப்பக்கம் மாறவே மாறாது. முடிந்தால் ஒரு தடவை கரப்புடுப்பை இடுப்பில் கட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கை எவ்வளவு தூரம் தொங்க முடியும், திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை உங்கள் உடலே சொல்லும்.

இதனோடு இன்னொரு விடயத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். வினாத்தாளுக்கும் அது உதவும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர, பாட்டால் நடக்கும் சிங்களக் கிராமிய நாடகமான ‘நாடகம’ மரபைக் கொண்டு 1956இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அந்த மரபே தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பதைக் கவனியுங்கள். அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்து, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தயாரித்தார். அப்போது மாணவராக அங்கே ஆடிய சி. மௌனகுருவே பின்னாளில் மட்டக்களப்பில் நாடகக் கல்வியை வளர்த்த பேராசிரியர். நாற்புறமும் சபையோர் சூழ்ந்திருக்க, நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்க, சுற்றி ஆடிய கூத்தனை ஒரே பக்கம் பார்த்து ஆடவைத்தபோது கூத்து பெற்றது என்ன, இழந்தது என்ன என்று சிந்தியுங்கள். மட்டக்களப்பின் சீலாமுனையில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் கூத்தர்களும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இதே கேள்வியை வேறு திசையிலிருந்து, களரிக்குள்ளே நின்று, ஊர் மக்களோடு பேசி அணுகியது. நகரத்தாரும் படித்தோரும் கூத்தை மதிக்கச் செய்த பெருமை பேராதனை முயற்சிக்கு உரியது என்பதை மறுக்க முடியாது. எனினும், மேடைக் கூத்தை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் கூத்து என்று எண்ணும் மாணவன் பாதியையே கண்டிருக்கிறான் என்பது என் கருத்து. களரியை முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது பெண்கள் பாடசாலை. ஆண் பாத்திரங்களை மாணவியரே நடிப்பது பொருந்துமா? பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.
— மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: நன்றாகப் பொருந்தும். கூத்தில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடி வந்தார்கள். சபை அதை மனமார ஏற்றுக்கொண்டது. குரலைச் செயற்கையாகத் தடிப்பாக்குவதும் பெரிய மீசை ஒட்டுவதும்தான் சிரிப்பை வரவழைக்கின்றன. அந்த மனிதன் எப்படி உட்காருவான், எதற்காக எழுவான், யாருக்கு முன்னால் குரலைத் தாழ்த்துவான் என்று கண்டுபிடித்துச் செய்யுங்கள். உங்கள் சொந்தக் குரலிலேயே பேசுங்கள். முதற் சில நிமிடங்களுக்குப் பிறகு சிரிப்பு அடங்கிவிடும்.

கேள்வி: கிராமப் பாடசாலை ஒன்றில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு நாடகம் கற்பிக்கிறேன். மண்டபம் இல்லை, ஒளி விளக்குகள் இல்லை, திரையும் இல்லை. தமிழ்த்தினப் போட்டி வரும்போது மட்டும் அதிபர் நாடகத்தை நினைவுகூர்கிறார். செயன்முறையை நான் எப்படிக் கற்பிப்பது?
— ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: மேசை, கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால் வகுப்பறை அரங்காகிவிடும். ஈழத்து அரங்கின் மிக முக்கியமான படைப்புகள் சில, வசதிகளுக்குக் காத்திராமல் பிறந்தவை என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் போர்ச் சூழலில் மேடையேறிப் பின்னர் ஊர் ஊராகச் சென்றது. நடிகர்களின் உடலும் குரலும் பாட்டுமே அதற்கு மூலதனம். சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, பயிற்சி பெற்ற நடிகர் இருந்தால் அரங்கு தானாக உருவாகும் என்பதைக் காட்டியது. பாடசாலை நாடகத்தில் அதன் தாக்கம் இன்றும் தொடர்கிறது.

உங்கள் வகுப்புக்கு உடனடியாக உதவக்கூடிய ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ‘நீ எப்ப வந்தனீ?’ என்ற ஒரே வசனத்தை எடுங்கள். ஒருவர் கதவருகே நிற்க, மற்றவர் உள்ளே வர வேண்டும். பல ஆண்டுகள் காணாமலிருந்த அண்ணனைக் காணும் தங்கை அதை ஒரு தடவை சொல்லட்டும். கடனைத் திருப்பித் தராமல் ஒளிந்து திரிந்தவனைப் பிடித்துவிட்டவர் அடுத்த தடவை சொல்லட்டும். இரவு பிந்தி வந்த மகனை இருட்டில் காத்திருந்த தந்தை மூன்றாவதாகச் சொல்லட்டும். வசனம் மாறவில்லை, சூழ்நிலை மட்டுமே மாறியது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள். தரப்பட்ட சூழ்நிலை என்று ஸ்ரனிஸ்லவ்ஸ்கி எதைச் சொன்னார் என்பதை அதன் பிறகு கரும்பலகையில் எழுதுங்கள். முதலில் எழுதிவிட்டால் அது இன்னொரு குறிப்பாகிவிடும், வரிசை முக்கியம்.

போட்டியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்த்தினப் போட்டியை நான் குறை கூறவில்லை. பல ஊர்களில் பிள்ளைகள் மேடையேறும் வாய்ப்பே அதுதான். ஆனால் பரிசுக்காகத் திறமையான பத்துப் பேரை மட்டும் தெரிந்தெடுத்து, அவர்களுக்கு ஆசிரியரே ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கொடுத்து, மற்றவர்களைப் பார்வையாளராக இருத்திவிடும் பழக்கம் பாடத்தைக் கெடுக்கிறது. அதிபரிடம் கேட்க வேண்டியது விளக்கும் திரையும் அல்ல. தொடர்ச்சியான இரண்டு பாடவேளைகளை ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். நாற்பது நிமிடத்தில் கதிரைகளைத் தள்ளி, பயிற்சி செய்து, மீண்டும் அடுக்கி வைக்க முடியாது. இரட்டைப் பாடவேளை கிடைத்தால் உங்கள் சிரமத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் நாடகத்தில் மகனை இழந்த தாயாக நடிக்கிறேன். எவ்வளவு முயன்றும் எனக்குக் கண்ணீர் வருவதில்லை. சொந்த வாழ்க்கையின் துயரத்தை நினைத்துக்கொள் என்று நெறியாளர் சொல்கிறார். அப்படிச் செய்தால் வீட்டுக்கு வந்த பிறகும் மனம் சரியாவதில்லை.
— மாணவி, முல்லைத்தீவு

பதில்: அந்த வழியை இன்றோடு விட்டுவிடுங்கள். உண்மையான இழப்புகளைச் சுமக்கும் குடும்பங்கள் நிறைந்த மண்ணில், பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொந்தத் துயரைக் கிளறி எடுத்து நடிக்கச் சொல்வது தவறு. நெறியாளர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்ரனிஸ்லவ்ஸ்கியே தம் பிற்காலத்தில் உணர்ச்சி நினைவை நம்பியிருப்பதைக் குறைத்து, உடற்செயல்களின் வழியாகப் பாத்திரத்தை அடையும் முறைக்கு முதன்மை கொடுத்தார் என்பதை அவரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

கண்ணீர் சபையோரிடம் வந்தால் போதும். அந்தத் தாய் அழுவதற்குப் பதிலாக என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேளுங்கள். மகனின் சேட்டு ஒன்றைத் தோய்த்துக் காயவைத்து எடுத்து வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை மடிக்க வேண்டும். பொத்தான்களைப் பூட்டுகிறாள், ஒரு பொத்தான் இல்லை. ஊசியும் நூலும் எடுக்க எழுந்து, பாதியில் நின்று, மீண்டும் இருந்து, அப்படியே மடித்து வைக்கிறாள். இந்த வேலையை ஒத்திகையில் உண்மையான சேட்டை வைத்து, அவசரப்படாமல், ஒவ்வொரு பொத்தானையும் உண்மையாகவே பூட்டிச் செய்யுங்கள். உங்கள் கவனம் முழுவதும் துணியில் இருக்கட்டும். துயரத்தைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம். ஒத்திகை முடிந்ததும் குழுவாக ஒரு விளையாட்டு விளையாடி, வேட உடையைக் களைந்து, உங்கள் சொந்தப் பெயரால் ஒருவரையொருவர் அழைத்த பிறகே வீட்டுக்குப் புறப்படுங்கள். இவ்வளவும் செய்த பின்னரும் மனம் பாரமாகவே இருந்தால், அந்தப் பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.